அவிக்கச் சொன்ன சுறா

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நாலாம் வகுப்போடு நின்றவள். வரி கோணலாகப் போகும், நடந்தது முன்னும் பின்னுமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் எந்த வருஷம் என்பதும் மறந்துபோயிற்று. பத்தாவது முடித்ததும் வரும் பிரீடிகிரி பிள்ளைகள் கல்லூரியில் இன்னும் படித்துக்கொண்டிருந்த காலம்.

எங்கள் வீடு கேரளத்தில் காஞ்சிரங்குளத்துக்குத் தெற்கே, கடல்பக்கம். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு கல்லூரிக்குப் போவேன். விலங்கியல் லேப்பைப் பெருக்கித் துடைக்கும் தினக்கூலி வேலை. மீன் வெட்டிப் பழகிய கை என்று தெரிந்ததும் எலும்பு எடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. கோழியோ முயலோ தவளையோ, தோலுரித்து, குடலெடுத்து, சோடாப்பொடி போட்ட தண்ணீரில் மெல்ல அவிக்க வேண்டும். சதை கழன்றதும் பழைய பிரஷால் தேய்த்து வெயிலில் வைப்பேன். சார் கம்பியில் கோர்ப்பார். அவர் புதிதாக வந்த வாத்தியார், என் மகன் வயது. அங்கே எல்லோருக்கும் நான் அம்மச்சிதான்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. முயலின் முன்காலிலும் கோழியின் சிறகிலும் மேலே ஒரு எலும்பு, கீழே இரண்டு. என் கையைத் தடவிப் பார்த்தேன், அதே மாதிரிதான். தவளைக்கு மட்டும் கீழ் இரண்டும் ஒட்டி ஒன்றாகிக் கிடந்தது. குதித்து விழும்போது தாங்கத்தான் அப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. சார் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது.

கல்லூரியில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சார் ஒரு சுறாவை வாங்கி வந்தார், என் கை நீளம் இருக்கும்.

"அம்மச்சி, இதையும் அவிச்சு எடுத்து வையுங்க."

கடற்கரையில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள், சுறாவுக்கு முள் கிடையாது, உள்ளே இருப்பது கடித்துத் தின்னக்கூடியது. கொஞ்ச நேரம் அவித்தாலே உதிர்ந்துவிடும், அதைப் பிசைந்துதான் புட்டு செய்வோம்.

"சாரே..." என்றேன்.

"என்ன?"

"ஒண்ணும் இல்ல சாரே."

இப்போது நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது. வெளியே வந்து லேப் அட்டெண்டரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் பெரிதாகச் சிரித்தார். "சார் படிச்சது போதாதுண்ணு அம்மச்சி படிப்பிக்கப் போறாளாக்கும்! போ, போய் அடுப்பப் பத்த வை."

பாதி வேக்காட்டில் இறக்கினேன். சார் எட்டிப் பார்த்து, "சதை ஒட்டியிருக்கே, இன்னும் வேகட்டும்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வரும்போது பானையில் முதுகுத்தண்டு பாசிமணி மாதிரி தனித்தனியாகக் கிடந்தது. தலை குழைந்துவிட்டது. பல் வரிசை மட்டும் ஒரு நாடாவாக மிதந்தது.

"இவ்வளவுதானா? தலை எங்க, செவுள் எங்க?"

நான் பானையைக் காட்டினேன்.

"பாதி மீன் கறிக்குப் போயிருக்கும் சார்" என்றார் அட்டெண்டர்.

சார் என் பையைப் பார்த்தார். அந்தப் பார்வை போதும். முப்பது வருஷம் மீன் விற்ற குடும்பம், அடுத்தவர் மீனில் கை வைத்ததில்லை. ஆனாலும் நான் விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கத் தொடங்கினேன்.

வீட்டில் அண்ணன் பெண்டாட்டி மைனியிடம் சொல்லி அழுதேன்.

"எட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? சுறாவ அவிச்சா முள்ளு வருமாண்ணு கேக்க வேண்டியதுதானே!"

"சாருகிட்ட எப்பிடிக் கேக்க?"

"அப்ப திருடிண்ணு பேரு வாங்கிட்டு கெட."

மறுநாள் மைனியே கரையிலிருந்து ஒரு சின்னச் சுறா கொண்டுவந்து போட்டாள். நான் அதை அவிக்கவே இல்லை. பச்சையாகவே, மழுங்கின கத்தியாலும் நகத்தாலும் இரண்டு நாள் சுரண்டினேன். காய்ந்தால் சுருங்கும் என்று நனைத்துக்கொண்டே இருந்தேன். தலையோட்டிலிருந்து வால் நுனி வரை ஒன்றும் உடையாமல் வந்தது. உப்புத் தண்ணீர்ச் சட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுபோனேன்.

சார் சட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது குருத்தெலும்பு அம்மச்சி, எலும்பு இல்ல. அதான் அன்னைக்குக் கரைஞ்சது" என்று எனக்கே சொல்லிக்கொடுத்தார். அன்றைக்குச் சந்தேகப்பட்டதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அட்டெண்டர், "அப்ப மொத மீனு ருசியா இருந்துதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் அங்கே வேலைக்குப் போன நாளெல்லாம் அவருக்கு நான் 'சுறாக்கறி'தான்.

சார் அதை ஜாடியில் மருந்துத் தண்ணீர் ஊற்றி வைத்தார். வைக்கும்போது தொங்கிக்கொண்டிருந்த மேல்தாடையை நைலான் நூலால் தலையோட்டோடு இறுக்கிக் கட்டிவிட்டார். சுறாவுக்கு அது ஒட்டியிருக்காது. கடிக்கும்போது முன்னால் தள்ளி வரும், கரையில் உயிரோடு கிடந்த சுறா துடுப்பைக் கவ்வியபோது கண்ணால் கண்டிருக்கிறேன். கண்காட்சிக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் இறுகின வாயைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் பக்கத்தில் துணியோடு நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், தாடையைப் பற்றி நான் சொன்னது சரிதானா என்று புத்தகத்தில் பார்த்துச் சொல்லுங்கள். தவளைக் கையைப் பற்றி எழுதியதையும் பாருங்கள். சரியென்றால், அந்த ஜாடி இன்னும் எங்காவது இருந்தால், அந்த நூலை அறுத்துவிடச் சொல்லுங்கள்.