சிவப்புக் கிளிப்பும் ஆறு பலகையும்

என் வீட்டுக்காரர் கப்பல்காரர். கோவில்பட்டியில் இருந்துகொண்டு கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்குப் பஸ் ஏற வேண்டும். ஆனாலும் கப்பலின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். எல்லாம் போனில் கேட்ட பாடம். கல்யாணமான புதிதில் மற்ற புருஷன்மார் பெண்டாட்டியிடம் என்ன பேசுவார்களோ, இவர் என்னிடம் தொட்டிகளைப் பற்றிப் பேசினார்.

கப்பலின் அடியில் பாரத்துக்காகக் கடல்நீர் நிரப்புகிற தொட்டிகள் உண்டு. நீரை இறைத்துவிட்டுத் துரு சுரண்ட ஆள் இறங்க வேண்டும். மூடிக் கிடந்த தொட்டியில் அந்தத் துருவே காற்றைத் தின்றுவிடுமாம். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. இறங்குகிறவன் பாதி ஏணியிலேயே சாய்ந்துவிடுவான். அதனால் முந்தின நாளே மூடியைத் திறந்து பெரிய காற்றாடி வைத்து ஊத வேண்டும். காற்றை அளக்கும் மெஷினின் குழாயை உள்ளே விட்டு மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்திலும் காற்றைப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் அனுமதிச் சீட்டில் கையெழுத்து. இறங்குகிறவர் தன் பெயர் வில்லையைத் தொட்டி வாயில் இருக்கும் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், ஏறி வந்ததும் கழற்ற வேண்டும். வில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். வாயில் காவலுக்கு நிற்பவர் எதற்காகவும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

இப்போது கப்பலிலும் இன்டர்நெட் கிடைக்கிறது. இறங்குமுன் 'உள்ள போறேன்' என்று எனக்கு ஒரு செய்தி வரும். ஏறி வந்ததும் 'வந்துட்டேன்' என்று இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அவர்களுக்கு வில்லை இருக்கிற மாதிரி எனக்கும் ஒன்று வேண்டும் என்று, சமையலறையில் கைத்துண்டு காயப்போடும் கொடியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கிளிப்பை மாட்டுவேன். 'வந்துட்டேன்' வந்த பிறகுதான் கழற்றுவேன். வருஷக்கணக்காக இதைச் செய்துவந்தேன். அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் கேலி செய்வார்.

அந்தச் சட்டங்களில் ஒன்றை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், வாயில் நிற்பவர் அவரைத் தூக்க இறங்கக் கூடாதாம். ஆட்களைக் கூப்பிட வேண்டுமாம், மூச்சுக்கருவி மாட்டியவர்கள் வரும்வரை அங்கேயே நிற்க வேண்டுமாம்.

"இது என்ன ஈவு இரக்கமில்லாத சட்டம்?" என்று போனிலேயே சண்டைக்குப் போனேன்.

"ஏட்டி, காப்பாத்தப் போனவனும் சேந்துல்லா சாவான்? அதுக்குத்தான் சட்டம்," என்றார். இரண்டு நாள் அவரிடம் நான் சரியாகப் பேசவில்லை.

போன வருஷம் எட்டயபுரம் சாலையில் சின்னதாக ஒரு வீடு கட்டினோம். கரிசல் மண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். அதனால் வாசலில் தோண்டிய தண்ணீர்த் தொட்டியைக் கான்கிரீட்டிலேயே பெட்டி மாதிரி போட்டோம். மேல்தளம் இறுகியதும் முட்டுக் கொடுத்திருந்த பலகைகளைப் பிரித்தார்கள். அன்றைக்குப் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஆறு பலகையையும் சில கம்புகளையும் உள்ளேயே போட்டு, மூடியை மூடிவிட்டுப் போனவர்கள் அதை அப்படியே மறந்துவிட்டார்கள். உள்ளே இறங்கிய மழை ஈரத்தோடு இரண்டு மாதம் ஓடிவிட்டது.

பால் காய்ப்புக்கு முந்தின நாள் காலையில்தான் எல்லாருக்கும் பலகை ஞாபகம் வந்தது. புதூரிலிருந்தும் பசுவந்தனையிலிருந்தும் சொந்தபந்தம் மறுநாள் விடியும்போதே வந்து இறங்கிவிடும். குழாயில் தண்ணீர் வருவது அன்று பகல் பன்னிரண்டுக்கு. அதை விட்டால் அடுத்த முறை எப்போது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதற்குள் தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். லீவில் வந்திருந்த இவர் மூடியைத் திறந்தார். ஊறிப்போன மரத்தின் புளித்த வாடை அடித்தது.

"அஞ்சு நிமிஷ வேல அண்ணாச்சி, நான் இறங்கி எடுத்துப் போட்டுருதேன்," என்றார் கொத்தனார். ஆனால் அவருடைய தொந்தி அந்த வாய்க்குள் நுழையாது என்பது அவருக்கே தெரியும்.

"நீரு சும்மா நில்லும். கப்பல்ல இதைவிடச் சின்ன ஓட்டைல எல்லாம் நுழைஞ்சவன் நான்," என்று சொல்லி இவர் வேட்டியை மடித்துக் கட்டினார். கையை ஊன்றி உட்கார்ந்து ஒரு காலை உள்ளே விட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! பதினைந்து பேருக்குப் பாடம் எடுக்கிற மனுஷன். கப்பலில் சீட்டு இல்லாமல் ஒருவன் மூடியைத் தொட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று பெருமையடித்தவர். சொந்த வீட்டுத் தொட்டி என்றதும் அத்தனையும் காற்றில் போய்விட்டது.

"காத்து பாத்தீங்களா?" என்றேன்.

"ஏட்டி, இது தண்ணித் தொட்டி. இதுல துருவா இருக்கு?"

"துரு இல்ல, ரெண்டு மாசமா ஊறுன மரம் இருக்குல்லா. அது மட்டும் காத்தத் தின்னாதோ?"

கொத்தனார் சமாதானத்துக்கு வந்தார். "ஒரு விளக்கக் கட்டி இறக்குவோம் மதினி. அணையலைன்னா இறங்கலாம்."

"விளக்கு எரிஞ்சா ஆள் பிழைப்பான்னு எந்தச் சீட்டுலயும் கிடையாது அண்ணாச்சி. வாயு இருந்தா குப்புன்னு பத்திக்கிட்டுப் போயிரும்," என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

இவருக்குக் கொத்தனார் முன்னால் ரோஷம். "பன்னெண்டு மணிக்குத் தண்ணி வந்துரும். நீ மேல காவலுக்கு நில்லு, போதும்," என்றபடி அடுத்த காலையும் தூக்கினார்.

நான் தொட்டி வாயருகே போய் நின்றேன். "நிக்கேன். நீங்க உள்ள விழுந்தா நான் இறங்கக் கூடாதுல்லா? அதான சட்டம்? அப்ப நீங்க சாகுறத மேல நின்னு பாத்துக்கிட்டே இருக்கணும், அப்படித்தான?"

தூக்கிய கால் அப்படியே நின்றது.

வாய் திறந்ததும் திறந்தோம் என்று கிளிப் கதையையும் போட்டு உடைத்துவிட்டேன். எத்தனை தடவை மாட்டினேன், எத்தனை தடவை அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, ஒருமுறை நெட் கிடைக்காமல் ராத்திரி முழுக்க அது கொடியிலேயே கிடந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். கொத்தனார் முன்னால் அழுதும் விட்டேன். இவர் காலை வெளியே எடுத்து, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார்.

இத்தனையையும் பார்த்துக்கொண்டு அத்தை வாசலில் உட்கார்ந்து பந்திக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என் மாமியாருக்கு எங்கள் சண்டை என்றாலே எரிச்சல்.

"பலகைதானல எடுக்கணும்? அதுக்கு ஏன் ஒருத்தன் இறங்கணும், ஒருத்தி அழணும்? தண்ணி வந்தா அதுவே மெதந்து வந்துட்டுப் போகுது," என்றார், வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

கொத்தனார்தான் முதலில் சிரித்தார். அவர் தொந்தி குலுங்கியதைப் பார்த்து எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

பன்னிரண்டுக்குத் தண்ணீர் வந்தது. அடுத்த மனையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, கொப்பு வளைத்து ஆட்டுக்குக் குழை அறுக்கும் நீளத் துரட்டியோடு வந்து சேர்ந்தார். இவருக்கு மறுபடியும் கப்பல் ஞாபகம் வந்துவிட்டது. "தண்ணி ஏற ஏற உள்ள கிடக்க கெட்ட காத்து வெளிய வரும். வாய்க்கு மேல ஒருத்தரும் குனியக் கூடாது, தள்ளி நின்னு இழுங்க!" என்று அதிகாரம் செய்தார். "வாங்க, இப்பத்தான் கப்பல்ல ஏறுனீங்களா?" என்றேன்.

தொட்டி பாதிக்கு மேல் நிறைந்ததும் முதல் பலகை மூக்கை நீட்டியது. அண்ணாச்சி எட்டி நின்று துரட்டியால் கொக்கி போட்டு இழுக்க, எங்களுக்குத் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. தெருவே கூடி எண்ணியது. கம்புகளுக்குப் பின்னால் ஆறாவது பலகையும் வெளியே வந்தபோது கைதட்டல் வேறு. தண்ணீர் மட்டும் டீ நிறத்தில் இருந்தது. மறுநாள் சமையலுக்குக் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டோம். வந்த சொந்தங்கள் அந்த டீத் தண்ணீரில் கால் கழுவிவிட்டு, நல்ல டீயும் குடித்துவிட்டு, வீடு ராசியான வீடு என்றுதான் சொல்லிப் போனார்கள்.

லீவு முடிந்து இவர் கப்பலுக்குப் போன பிறகு சிவப்புக் கிளிப்பைக் காணோம். அணில் தூக்கிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் போனில் ஒரு படம் வந்தது. தொட்டி வாய், அதன் பக்கத்தில் வில்லை மாட்டும் பலகை. பலகையில் ஒரு வில்லைகூட இல்லை. ஒரு மூலையில் மட்டும் என் சிவப்புக் கிளிப். கீழே எழுதியிருந்தார்: 'மூணு தடவ பாத்தும் காத்து சரியில்ல. சீட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன். வேலை நின்னு போச்சுன்னு மேல இருக்கவங்களுக்குக் கோவம். நாங்க பதினஞ்சு பேரும் வெளிய நின்னு டீ குடிக்கோம்.'

கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தையிடம் காட்டினேன். அவர் போனை வாங்கித் தூரமாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"பலகைல ஒரு வில்லையும் தொங்கலையே?"

"யாரும் உள்ள போகல அத்தை."

"அப்ப சரி," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். "பிள்ளைக நல்லா டீ குடிக்கட்டும்."