அவர் பெயரில் போன பெட்டி

ஆஸ்பத்திரி நடைபாதையின் கடைசிக் கதிரைகளில் நானும் என் கணவர் குணசீலனும் உட்கார்ந்திருந்தோம். அவர் பெயரைக் கூப்பிட்டதும் இருவரும் எழுந்து உள்ளே போனோம். டொக்டர் கடதாசியைப் படித்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"உங்கட மலத்தில ஒரு வகை பற்றீரியா கனக்க இருக்கு. வழக்கமா அது வாயில இருக்கிறது. குடல் புற்றுநோய் உள்ள சில பேருக்கு இப்பிடிக் கூடுறது. கெதியா குடலுக்குள்ள கமரா விட்டுப் பார்க்க வேணும்."

அவர் தலையாட்டினார். அந்த மலம் அவருடையது அல்ல, என்னுடையது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது என்னைப் போலக் கெட்டித்தனம் காட்ட நினைத்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் இருக்கிறோம். அவருக்குக் கடற்றொழில். நான் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். இரண்டு மாதமாக அவருக்கு மலத்துடன் இரத்தம் போனது. மூலம் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார். நச்சரித்துத்தான் கூட்டிப்போனேன். அங்கே சிறிய பெட்டியொன்றைத் தந்தார்கள். மலத்தில் உள்ள பற்றீரியாக்களை உயிரடையாளமாக (உடலுக்குள் நோய் இருக்கலாம் என்று காட்டித்தரும் குறி) வைத்துப் பார்க்கும் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. பெட்டிகளைக் கொழும்புக்கு ஏற்றும் வாகனம் வரும் நாளையும் எழுதித் தந்தார்கள்.

அந்த நாள் அம்மன் கோயில் திருவிழாவுக்குள் விழுந்தது. அவர் காப்புக் கட்டி விரதம் இருந்தார். அசுத்தம் எதுவும் அண்டக்கூடாது.

"காப்போட இதைத் தொட ஏலாது. பிறகு பார்ப்பம்," என்றார்.

பிறகு என்றால் அவர் போகவே மாட்டார். பெட்டி போகாவிட்டால் ஆய்வுப் பட்டியலில் இருந்து பெயர் விழுந்துவிடுமோ என்று பயந்தேன். இப்போதைக்கு என்னுடையதைக் கொடுத்து இடம்பிடிப்போம், காப்பு அவிழ்த்ததும் உண்மையைச் சொல்லி அவருடையதைக் கொடுப்போம் என்று நினைத்தேன். காப்பும் அவிழ்த்தாயிற்று. எனக்குத்தான் சொல்ல வெட்கமாக இருந்தது.

டொக்டரின் மேசைக்கு முன்னால்தான் வாய் திறந்தேன்.

"டொக்டர், அது இவர் குடுத்ததில்லை. நான் குடுத்தது."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு வயித்தில ஏதும் கரைச்சல்?"

"ஒண்டுமில்லை."

"இது நல்லா வந்திருந்தா, இரத்தம் போற மனுசனை ஆறுதலாப் பிறகு பார்ப்பம் எண்டு விட்டிருப்பன். விளங்குதா?"

விளங்கியது. இன்றைக்கும் அந்த வார்த்தை குத்துகிறது.

"இது முடிவில்லை, சந்தேகம் மட்டும்தான்," என்றார். "ரெண்டு பேருக்கும் கமரா விட்டுப் பார்ப்பம்."

பதினொரு நாள் காத்திருந்தோம். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போதே என் கை வயிற்றுக்குப் போய்விடும். நோவும் இல்லை, வீக்கமும் இல்லை. ஒன்றும் இல்லாததே பயமாக இருந்தது. அவர் கிழிந்த வலை பொத்துவதை நிறுத்திவிட்டு ஒருநாள் சொன்னார்:

"எனக்கு வர வேண்டினதை நீர் வாங்கிப் போட்டீர். காப்பைச் சாட்டி நான் தட்டிக் கழிச்சதுக்கு அம்மன் தந்த தண்டனை."

"அம்மனை இதுக்குள்ள இழுக்காதேங்கோ. இது என்ர குடல்."

கோபத்தில்தான் சொன்னேன். அதற்குள் இருந்தது முழுக்கப் பயம்.

கமரா விட்டுப் பார்த்ததில் அவருக்கு வெறும் மூலம். எனக்குப் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் கட்டி. புற்றுநோய்தான். ஒரு சாண் குடலை வெட்டி எடுத்தார்கள். வேறெங்கும் பரவவில்லை என்றார்கள். மூன்றாம் நாள் குடல் வேலை செய்யத் தொடங்கி எனக்குக் காற்றுப் பிரிந்ததும், அவர் வார்டு முழுக்கக் கேட்கத் தாதியிடம் சொல்லி என் மானத்தை வாங்கினார். நான் அழுதுகொண்டே சிரித்தேன், தையல் இழுத்தது.

முன்பு என் வருடம் பள்ளித் தவணைகளாகப் போகும். இப்போது ஒரு கிளினிக் நாளில் இருந்து அடுத்த கிளினிக் நாள் வரைக்கும்தான் எனக்குக் காலம். நாற்பத்தேழு வருடம் என் வயிற்றை எனக்குத் தெரியும் என்று இருந்தேன். எனக்கு முன்னமே அதை அறிந்தவை, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிருமிகள். இப்போது சாப்பிடும்போது அவற்றின் நினைப்பும் வருகிறது.

இந்த வருடம் ஆய்வுக்காரர் என்னிடம் மறுபடி பெட்டி கேட்டார்கள். திருவிழாவும் அதே கிழமை. காப்புக் கட்டிய கையை நீட்டி நான் நிரப்பிய பெட்டியை அவர் வாங்கினார்.

"காப்பெல்லோ," என்றேன்.

"அம்மனுக்கு விளங்கும். நீர் பின்னால ஏறும்."

மோட்டார் சைக்கிளை உதைக்கப் போனவர் நிறுத்தினார். பெட்டியில் ஒட்டியிருந்த என் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"இது உம்மடதுதானே?"

"ஓம், என்ரதுதான்," என்றேன்.