வேல்விழிக்குக் கொடுத்த முட்டைகள்

துணியால் சுற்றிய கோழியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கழுத்துக்குக் கீழே இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள் சுடலைவடிவு. பக்கத்தில் வெந்நீர்ச் சொம்புக்குள் நூல் வெட்டும் டிரிம்மரும் ஊசியும் கிடந்தன. கொட்டாங்கச்சியில் குழைத்த மஞ்சள்.

சுடலைவடிவு நாங்குநேரிப் பக்கத்திலிருந்து அருள்புரம் வந்து ஏழு வருஷம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் உருப்படிகளைப் புரட்டிப் பார்த்து, தொங்கும் பிசிறு நூலை வெட்டி அடுக்க வேண்டும். லைன் வீட்டின் பின்புறம் ஆறு கோழி வளர்த்தாள். கடை முட்டையில் கரு வெளுத்திருக்கும். இவள் கோழியிடும் முட்டையை உடைத்தால் சாமந்திப்பூ நிறத்தில் திரண்டு நிற்கும். வீட்டுக்காரம்மா பொன்னாத்தாள் தினம் ஒன்று வாங்கி, அரைவேக்காட்டில் மிளகு தூவிச் சாப்பிடுவாள்.

2006 மாசியில் மகள் வேல்விழி பெரியவளானாள். ஊர் வழக்கப்படி விடிந்ததும் வெறும் வயிற்றில் பச்சை முட்டை ஒன்று, அதன் ஓட்டிலேயே அளந்து நல்லெண்ணெய். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். ஒன்பது நாளில் ஒன்பது முட்டை உள்ளே போனது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம்தான் டிவியில் பறவைக்காய்ச்சலைப் பற்றிச் சொன்னார்கள். வடக்கே எங்கோ கோழிகளைக் கோணியில் அள்ளிப் புதைத்தார்கள். வேகாத முட்டை கூடவே கூடாது என்றார்கள். சுடலைவடிவு டிவியை அணைத்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

மறுநாள் ஞாயிறு. செவலைக் கோழி மூன்றாம் நாளாக இரை எடுக்காமல் இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் நின்றது. வேல்விழிக்கு முந்தின நாளிலிருந்தே உடம்பு சுட்டது. தினமும் தலைக்கு ஊற்றியதில் பிடித்த சளியாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம். யாரிடம் கேட்பது? பெற்றவளே கையால் ஊட்டியதாயிற்றே. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்த்தாள்.

பொன்னாத்தாள் வந்து கோழியைக் கண்டதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் ஆறையும் கொன்று புதைத்துவிட வேண்டும் என்றாள். இப்படிக் கடிந்து பேசுகிறவள் இல்லை. திரும்பிப் போகும்போது குரல் தாழ்ந்தது.

"நானும் அதையத்தான தின்னேன் அம்மிணி."

செவலையை முதலில் அறுப்போம் என்று தூக்கினாள். கழுத்தடியில் விரல் பட்டது. மூன்று நாளாய்த் தின்னாத கோழியின் தீனிப்பை காலியாக அல்லவா இருக்க வேண்டும்? கல்லாய்த் திரண்டிருந்தது. அலகைப் பிளந்து பார்த்தாள். நாக்கின் அடியில் சிவப்பு நூல் ஒன்று உள்ளே இறங்கிப் போனது.

அவளே செய்த தப்பு. மெத்தென்று இருக்கட்டும் என்று கம்பெனியிலிருந்து சிவப்புப் பனியன் வேஸ்ட் நூலை அள்ளிவந்து அடைக்குப் பரப்பியிருந்தாள். இங்கே எல்லா வீட்டிலும் செய்வதுதான். கோழி நூலைப் புழுவென்று கொத்தும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆனாலும் வெறும் நூல்தானா, நூலோடு நோயுமா? திறந்து பார்க்காமல் தெரியாது. அதனால்தான் துணியும் டிரிம்மரும் மஞ்சளும் எடுத்து உட்கார்ந்தாள்.

டிரிம்மர் நுனியால் தோலைக் கீறினாள். கோழி ஒரு முறை உதறியது. உள்பையைக் கீறி இரண்டு விரலை விட்டாள். இழுத்தால் குடலும் வந்துவிடும். சுண்டாமல், உருப்படியில் பிசிறை வெட்டுவதுபோல் கொஞ்சம் இழுத்துக் கொஞ்சம் வெட்டி எடுத்தாள். எலுமிச்சம்பழ அளவு நூலுண்டை வந்தது. நூலும் சோளமும் சிக்கிப் புளித்த நாற்றம். வெந்நீர் விட்டுக் கழுவினாள். உள்ளே சதை ரோஜா நிறத்தில் சுத்தமாக இருந்தது. உள்தோலைத் தனியாக, மேல்தோலைத் தனியாகத் தைத்து மஞ்சள் பூசினாள். கீழே விட்டதும் கோழி தள்ளாடிப் போய்த் தண்ணீரில் அலகை வைத்தது. வீட்டுக்குள் வேல்விழி மூக்கை உறிஞ்சிக்கொண்டே பசிக்கிறது என்றாள். இரண்டு நாளில் இன்றுதான் அந்த வார்த்தை.

பொன்னாத்தாள் மண்வெட்டியோடு வந்து நின்றாள். சுடலைவடிவு நூலுண்டையைக் காட்டினாள். அவள் அதை உற்றுப் பார்த்தாள், தையலைப் பார்த்தாள். முந்தானை மூக்கிலிருந்து மெதுவாக இறங்கியது.

"கம்பெனில வெட்டுன பிசிறு பத்தலையாக்கும்? கோழி வகுத்துலயும் வெட்டோணுமா?"

சிரிக்க முடியாமல் சுடலைவடிவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. செவலையைத் தூக்கி நீட்டினாள்.

"கையக் கழுவிட்டு வாரேன். அதுவரைக்கும் இதப் பிடிங்கக்கா."

பொன்னாத்தாள் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையையும் நீட்டிக் கோழியை வாங்கிக்கொண்டாள்.