ஜாக்கிக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழம்

புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம் மிகச் சின்னது. பக்கத்தில் நிற்பவர்களுக்கே சரியாகக் கேட்காது. எனக்கு மட்டும் தெருமுனையில் நின்றாலும் கேட்டுவிடும். என் மனைவியின் தம்பி, என் மச்சினன், நினைவுக்கு வந்துவிடுவான்.

சாலாக் செலாத்தானில் எங்கள் பழைய பலகை வீடு இடுப்பளவு சிமெண்டுத் தூண்கள் மேல் நிற்கிறது. சில வருடங்களுக்கு முன் கூடத்துத் தரை நடுவில் குழிந்துவிட்டது. யாராவது நடந்தால் பீரோக் கண்ணாடி நடுங்கும். மச்சினன் அடியில் புகுந்து பார்த்தான். ஒரு தூண் மண்ணில் இறங்கி, அதன் மேலிருந்த உத்திரம் தொய்ந்திருந்தது. ஜாக்கி வைத்து உத்திரத்தைத் தூக்கி, தூணுக்கும் அதற்கும் நடுவே கெட்டி மரத்துண்டைச் செருகி, பக்கத்தில் புதுச் சட்டம் ஒன்றை போல்ட் போட்டு முடுக்கினால் போதும் என்றான். பழைய வீடுகளைச் செப்பனிடுவதுதான் அவன் பிழைப்பு, அவனுக்குப் பயமில்லை. நான்தான் பயந்து செத்தேன். லிப்டில் ஏறினாலே முருகனைக் கூப்பிடுகிற ஆள் என்று என் மனைவி என்னைக் கேலி செய்வாள். வீடே அவன் மேல் உட்கார்ந்துவிடுமோ என்ற நினைப்பில் ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

வேலை தொடங்கிய காலை, சாமி மேடையிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஜாக்கிக்கும் அது உட்காரும் பலகைக்கும் நடுவே வைக்கச் சொன்னேன்.

"என்னா மாமா, இது புது லோரியா? ஓடவா போவுது?" என்று சிரித்தான். ஆனாலும் அக்கா புருஷன் சொல்லைத் தட்டாமல் வைத்தான். நாலு முறை அழுத்தியதும் பழம் நசுங்கிச் சாறு பலகையில் வழிந்தது. "மாமா, பலகை வழுக்குது லா. தொடச்சிட்டு மாத்தி வைக்கிறேன்."

"பாதியில எடுக்காதடா, ஆகாது."

ஜாக்கிப் பிடியைத் திரும்பப் பிடித்தான். பிறகு, "சரி மாமா" என்றான்.

மேலே போய் ரசமட்டத்தைத் தரையில் வைத்து, குமிழியைப் பார்த்துச் சொல்வது என் வேலை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். குமிழி நடுவில் வந்து நின்றதும், "வந்திருச்சு!" என்று கத்தினேன். மரத்துண்டைச் செருக அவன் கையை உள்ளே விட்டிருக்கிறான். அடியில் ஏதோ சறுக்கியது. தரை என் முழங்காலோடு சேர்ந்து இறங்கியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சமையலறையிலிருந்து ஓடிவந்த என் மனைவியை, "அங்கயே நில்லு!" என்று அலறி நிறுத்தினேன். அவள் தம்பி எங்கள் காலடியில் கிடந்தான். ஓர் எட்டு வைத்தாலும் அந்தப் பாரம் அவன் மேல் இறங்கும் என்று நினைத்தேன். இருவரும் மூச்சுவிடாமல் நின்றோம். பலகை இடுக்கு வழியாக மெதுவாக வந்தது அவன் குரல்: "மாமா... கை மாட்டிக்கிச்சு."

தூக்கத் தூக்கப் பக்கத்தில் அவன் அடுக்கி வந்த கட்டைகள்தான் உத்திரத்தைத் தாங்கி அவன் உயிரைக் காத்தன. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் அவன் அக்கா அழுதுகொண்டே கேட்டபோது, "பழைய ஜாக்கிதான்க்கா, சறுக்கிருச்சு" என்றான். பழச்சாற்றைத் துடைக்க விடாதது நான்தான் என்பதை நான் சொல்லவில்லை. அவன் அவளிடம் சொல்லிவிடுவானோ என்ற பயம் அன்று பிடித்தது, விடவே இல்லை. சில மாதம் கழித்து அதே கையோடு வந்து தரையை அவனே முடித்துக் கொடுத்தான். இன்று அதில் ஒரு பள்ளம் கிடையாது. நான் இன்னும் சுவரோரமாகத்தான் நடக்கிறேன்.

போன மாதம் அவன் மகள் புதுக் கார் வாங்கினாள். பிரிக்பீல்ட்ஸில் கோயில் வாசலில் பூசை. "பழத்த மாமாதான் வைக்கணும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லி, மிச்சமிருந்த மூன்று விரலில் பழத்தை நீட்டினான். வாங்கிக்கொண்டு சக்கரத்தருகே போய் நின்றேன். அவன் குனிந்து என் காதருகே சொன்னான்: "வைங்க மாமா. இது ஓடணும்னுதான் வாங்குனது."

வைத்தேன். வண்டி நகர்ந்தது. அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. நான் என் மனைவி பக்கம் திரும்பி, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.