தண்ணீர் காட்டிய இரும்பு

மல்லசமுத்திரத்துப் பக்கமிருந்து சேலத்துக்குப் பிழைக்கப் போனவர்களில் சிலர் துணிமணியோடு திரும்பினார்கள், சிலர் இருமலோடு. அங்கமுத்து ஒரு சொல்லோடு திரும்பினான். வனேடியம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அவன் சேலத்தில் ஒரு மோட்டார் பட்டறையில் ஸ்பிரிங் பட்டை மாற்றும் ஆள். அந்த உலோகத்தைப் பற்றி மேஸ்திரி சொன்னதையெல்லாம் அவன் காதில் வாங்கி, ஊருக்கு வரும்போதெல்லாம் வாய் வழியாக விநியோகம் செய்தான். சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போனவர்கள்கூட வனேடியத்தைப் பற்றிக் கேட்காமல் திரும்ப முடியாது.

"சோத்துக்கு உப்பு மாதிரிங்க. ஒரு மணங்கு எஃகுக்கு ஒரு சிட்டிகை போட்டாப் போதும். பஸ்ஸு அச்சு, ஸ்பிரிங்கு, பல்சக்கரம் எல்லாத்துலயும் இருக்குது. குழியில உழுந்து உழுந்து எந்திரிச்சாலும் ஒடியாதுங்க. இரும்பறுக்கிற உளியில சேத்தா, செவக்கச் சூடேறினாலும் கூர் மழுங்காது. கந்தகத் திராவகம் காய்ச்சற கம்பெனியில அதோட பொடியில்லாம வேலையே நடக்காதாம்."

"அப்ப அதை உம்பட நாக்குலயும் கொஞ்சம் போட்டிருக்காங்களா மாப்ள? அதும் தேயவே மாட்டேங்குது" என்பான் சென்னியப்பன்.

சென்னியப்பன் அங்கமுத்துவின் அக்காள் குப்பாயியின் புருஷன். கிண்டல் செய்வானே தவிர, மைத்துனன்மேல் உயிர். அவனுடைய கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். மாடுகள் சரிவான வாரியில் இறங்க, வடக்கயிறு உருளைமேல் ஓட, தண்ணீர் நிரம்பிய சால் மேலே வரும். அந்த உருளையின் நாட்டு இரும்பு அச்சு வருஷத்துக்கொரு முறை வளைந்து, உலைக்குப் போய்த் திரும்பும். இதற்கு முடிவு கட்டத்தான் அங்கமுத்து, உடைத்துப் போட்ட லாரி ஒன்றின் அச்சிலிருந்து ஒரு துண்டை அறுத்து வாங்கினான்.

கொடுக்கும்போது மேஸ்திரி சொன்னார்: "இது ஏற்கெனவே பதம் புடிச்சது. நெருப்புல காட்டாத. தவறிக் காட்டினாலும் எண்ணெயிலதான் ஆத்தணும். தண்ணியில உட்டா உள்ளுக்குள்ள கீறல் உடும், வெளிய தெரியாது."

அங்கமுத்து தலையாட்டினான். வனேடியத்தின் பெருமைகளை ஊரெல்லாம் பரப்பியவன் அதன் அபாயங்களை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அபாயத்தைச் சொன்னால் பெருமை குறைந்துவிடுமே.

சென்னியப்பனின் பங்காளிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. புது இரும்பு கிணற்றுமேல் ஏறுமுன், சிவக்கக் காய்ச்சி, அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே முக்க வேண்டும். தண்ணீர் காட்டாத இரும்பைக் கிணறு தாங்காது என்பார்கள். நாட்டு இரும்புக்கு இதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. அதனாலேயே வழக்கத்துக்கு நல்ல பெயர்.

வாரி ஓரத்தில் சுப்பையன் ஆசாரி சிற்றுலை மூட்டினார். பங்காளிகளில் மூத்தவரான வேலுசாமிக் கவுண்டர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"பெரியவரே, இதுக்கு அந்தச் சடங்கெல்லாம் வேண்டாமுங்க" என்றான் அங்கமுத்து.

"ஏன் வேண்டாம்? நீதானப்பா சொன்ன, அந்தப் பேரே ஏதோ குளிர்தேசத்து அம்மன் பேருன்னு. அம்மனுக்குத் தண்ணி காட்டாமயா குடியேத்தறது?"

சொன்னது உண்மை. போன சந்தையில்தான் சொல்லியிருந்தான்.

"இல்லீங்க, நெருப்புல..."

"என்னப்பா, நெருப்புன்னா உம்பட அம்மனுக்கு ஆகாதா? செவக்கச் சூடேறினாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சந்தையே கிடுகிடுக்கச் சொன்னயே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தான். "உடு மாப்ள. எம்பட கிணத்துல குளிக்க வெக்கப்படுதாட்டமிருக்குது" என்றான்.

எண்ணெய் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். அங்கமுத்து தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டான்.

"காய்ச்சுங்க ஆசாரி. இது எதுக்கும் அசையாது."

சிவந்த அச்சு தண்ணீருக்குள் போனது. சீறலுக்கு நடுவே டிக்கென்று ஒரு சின்னச் சத்தம். விரல் சொடுக்கும் சத்தம்கூட அதைவிடப் பெரிது. சத்தம் வந்த இடத்தை அங்கமுத்து பார்த்தான். மேளக்காரர் அடிக்கத் தொடங்கிவிட்டார்.

அச்சு மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. ஊர் பார்க்க வந்தது. அங்கமுத்து அந்தச் சத்தத்தை மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

அடுத்த கோடையில் கிணறு வற்றியது. பாறையை உடைத்து ஆழப்படுத்தினார்கள். ஊரெங்கும் அதே வேலை, ஆள் கிடைக்கவில்லை. சென்னியப்பன் கீழே இறங்கிக் கல்லை அள்ளிச் சாலில் போட, குப்பாயி மேலே மாடு ஓட்டினாள். பெண்பிள்ளை மாடு ஓட்டும் தார்க்குச்சியைத் தொடக்கூடாது என்பது அவர்களின் இன்னொரு வழக்கம். பாறைக்கு அது தெரியாது, வேலை நடந்தது. ஒரு முற்பகலில் கல் நிரம்பிய சால் பாதி வந்தபோது அச்சு இரண்டாகப் போனது. உருளையும் சாலும் கல்லும் கீழே போயின. சென்னியப்பன் நேர் கீழே நின்றிருந்தான்.

உடலை எடுத்து எரித்து வருவதற்குள் ஊர் தீர்ப்பை எழுதிவிட்டது. இரும்பு ஒடியாத இரும்பு, அங்கமுத்துவே சொல்லியிருக்கிறான். தண்ணீரும் முறைப்படி காட்டியாகிவிட்டது. மிச்சமிருந்த குற்றவாளி தார்க்குச்சி பிடித்த குப்பாயிதான். "புருசனைக் கிணத்துல போட்டவ" என்று ஒப்பாரிக்கு நடுவிலேயே சொன்னார்கள். அவளும் அதை நம்பினாள். கையைக் கையைப் பார்த்துக்கொண்டாள்.

அங்கமுத்து ஒடிந்த துண்டுகளை எடுத்துப் பார்த்தான். முறிந்த முகத்தில் பாதி கருத்திருந்தது, பழைய காயம். மீதி பாதி பளபளவென்றிருந்தது, புதுசு.

கருமாதி அன்று துண்டுகளைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் வைத்தான். "இந்தக் கருப்புப் பாருங்க. தண்ணியில முக்குன அன்னிக்கே கீறிப்போச்சுங்க. அக்கா மேல ஒரு குத்தமும் இல்லீங்க."

வேலுசாமிக் கவுண்டர் துண்டைத் தொடவில்லை. "அப்ப எங்க கிணத்துத் தண்ணி கொன்னுதுங்கறயா? பாட்டன் பூட்டன் பண்ணினது கொன்னுதுங்கறயா?"

"இந்த எஃகுக்கு அது ஆகாதுங்க."

"அன்னிக்கு எதுக்கும் அசையாதுன்ன. இன்னிக்குத் தண்ணி பட்டாக் கீறும்ங்கற. பொறந்தவளைக் காப்பாத்த எதை வேணாலும் சொல்லுவ. போப்பா, போயி சாப்புடு."

எத்தனையோ அளப்புகளை நம்பிய ஊர் அவன் சொன்ன ஒரே நிஜத்தை நம்பவில்லை. பந்தி போட்டார்கள்.

நம்பியது குப்பாயி ஒருத்திதான். வெள்ளைச் சீலையோடு மாட்டுக்கொட்டகையில் நின்றவள் அவனைக் கூப்பிட்டாள்.

"கீறும்னு உனக்கு அன்னிக்கே தெரியுமாடா?"

அங்கமுத்து மாட்டின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியுங்க்கா. மேஸ்திரி சொல்லியிருந்தாரு."

"எல்லாரும் சிரிச்சாங்கன்னு சும்மா இருந்துட்ட."

அவன் அழுதான். அவள் அழவில்லை.

"நாந்தான் கொன்னேன்னு நெனச்சுட்டிருந்தப்பக்கூட எனக்கு ஒரு தம்பி இருந்தான்டா" என்றாள். மாட்டுக்குத் தீனி அள்ளிப் போடக் குனிந்தாள். அவன் போகும்வரை நிமிரவில்லை.

அந்தக் கிணற்றில் மறுபடி நாட்டு இரும்பு அச்சு ஏறியது. குப்பாயியே கவலை ஓட்டினாள். ஊர் ஏசியது, பிறகு அதற்கு வேறு வேலை வந்தது.

அங்கமுத்து பட்டறையிலேயே கிடந்தான். யுத்தம் வந்து, பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடின. எந்த எஃகைப் பற்றி யார் கேட்டாலும் "மேஸ்திரியைக் கேளுங்க" என்பதோடு சரி. ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்காளுக்குப் பிறந்தவீட்டுச் சீர் அனுப்பினான். புதுச்சீலை, பச்சரிசி, கரும்பு வெல்லம். கூடை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. வெல்லத்தைப் பட்டறை ஆட்களுக்குப் பங்கிட்டான். தை பிறந்தால் அவர்கள் அந்தக் கூடைக்காகக் காத்திருப்பார்கள். அது ஏன் வருஷா வருஷம் திரும்பி வருகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. வெல்லம் நல்ல வெல்லம்.