இரண்டு பிரதிகளுக்காகச் சொன்ன விசுவாசப் பிரமாணம்

விசுவாசப் பிரமாணத்தை நான் தனியாக, சத்தமாக, சபைக்கு முன்னால் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறேன். அதற்குக் கூலியாகக் கிடைத்தவை இரண்டு அரைத் தாள்கள். ஒன்று ஞானஸ்நானப் பதிவேட்டின் பிரதி, மற்றது அடக்கப் பதிவேட்டின் பிரதி.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. இலங்கை மலைநாட்டில், வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் இரண்டாம் கிளாக்கர். பிரஜாவுரிமை மனுக்கள் போட்டு முடிந்து, விசாரணைகள் நடந்துகொண்டிருந்தன. எங்கள் தோட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தது நான்தான். எந்த விண்ணப்பப் பாரம், எத்தனை பிரதி, எந்த இடத்தில் சத்தியக் கடதாசி, யார் சாட்சி என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கொழுந்து பறித்தே வாழ்க்கையைக் கழித்தவர்களிடம், இந்த நாட்டில்தான் கழித்தாய் என்று வருடம் வருடமாகக் காட்டு என்றது அரசாங்கம். காட்ட முடியாதவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள்.

அப்பா இறந்துவிட்டதால் அம்மாவே மனுதாரர். ஏழு வயதில் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர், அதன் பிறகு கடலைக்கூடப் பார்த்ததில்லை. எல்லா வருடங்களுக்கும் செக்ரோல், அதாவது தோட்டத்து ஆள் பதிவு, இருந்தது, மூன்று வருடங்களைத் தவிர. அந்த மூன்று வருடமும் அப்பாவும் அம்மாவும் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். அந்த ஆபீசின் பழைய செக்ரோல்களைக் கறையான் தின்றுவிட்டது. நான் அப்போது ஹட்டனில் போர்டிங்கில் படித்துக்கொண்டிருந்தேன். ஆகவே பள்ளிக்கூடப் பதிவேடு என்னைக் காப்பாற்றியதே தவிர, அம்மாவைக் காப்பாற்றவில்லை. பிள்ளையை இங்கே விட்டுவிட்டுத் தாய் ஊரில் இருந்திருக்கலாமே என்று எந்த அதிகாரியும் கேட்பார். கேட்டும்விட்டார்கள்.

அந்த மூன்று வருடத்துக்குள் எனக்கு ஒரு தங்கை பிறந்து, இரண்டு வயது முடிவதற்குள் இறந்தாள். அவளுடைய பிறப்பையும் இறப்பையும் தோட்டத்து ஆபீஸ் அறிவிக்கவேயில்லை. கச்சேரியில், அரசாங்கப் பதிவுகளில், நானே தேடிப் பார்த்தேன். அவள் இருந்தாள் என்பதற்கு உலகத்தில் மிஞ்சியிருந்த எழுத்து, சபையின் பதிவேடுகளில் இருந்த இரண்டு வரிகள் மட்டுமே. பூண்டுலோயாவில் ஞானஸ்நானம், பூண்டுலோயாவில் அடக்கம், இரண்டிலும் தாயின் பெயர். அந்தப் பதிவேடுகள் டவுன் கோயிலில், எங்கள் குருவானவரான ஐயரின் அலுமாரியில் பூட்டியிருந்தன.

சாதாரணமாக இது ஒரு வார வேலை. ஆனால் எனக்கும் ஐயருக்கும் அப்போது பேச்சுவார்த்தை சரியில்லை.

காரணம் ஒரு புத்தகம். கண்டியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை போன ஆங்கிலத் திருச்சபை வரலாறு. எழுதியவரும் ஒரு குருவானவர்தான் என்பது உள்ளே போகப் போகத் தெரிந்தது. நான் கடவுளைத் தேடித்தான் அதை வாசித்தேன். கிடைத்தது ஒரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. புதன்கிழமை வேத வகுப்பில் அதைப் பற்றிக் கேட்டேன். நாம் ஞாயிறுதோறும் சொல்லும் பிரமாணம் நிசேயாவில் கூடிய சபையிலிருந்து வந்தது. அந்தச் சபையைக் கூட்டியவர் ஞானஸ்நானமே எடுக்காத ஒரு சக்கரவர்த்தி. அதற்கு முந்திய முந்நூறு வருடம் சிங்கத்துக்கு இரையானவர்கள் இந்தப் பிரமாணத்தைக் கேள்விப்பட்டதேயில்லை. அவர்கள் இரட்சிக்கப்பட்டார்களா, இல்லையா?

வயதான உபதேசியார் சிரித்தபடி என் பக்கம் சாய்ந்தார். தோட்டத்து லயத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதர்.

"தம்பி, அந்தக் கூட்டத்துல டீயாவது குடுத்தாங்களா?"

"சக்கரவர்த்தி விருந்தே வச்சாராமுங்க. போக வர வண்டியும் அவரே குடுத்தாரு."

"அப்பறம் என்ன, கையெழுத்துப் போடத்தான் செய்வாங்க."

"ரெண்டு பேரு போடலீங்க. அவங்கள நாடு கடத்திட்டாங்க."

உபதேசியார் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஐயர் வேதப் புத்தகத்தை மூடி, ஜெபம் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். அடுத்த ஞாயிறிலிருந்து பிரமாணம் சொல்லும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிதாவோடே ஒரே தன்மையுடையவர்" என்ற இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வதைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு வாரம் பிடித்தது.

நான் நாத்திகன் அல்ல. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால், ஆபீஸ் திறப்பதற்கும் முன்னால், மலை உச்சியிலுள்ள தேயிலை நம்பரில் ஒரு கல்லில் உட்கார்ந்து கர்த்தரின் ஜெபத்தைச் சொல்வேன். அதில் அப்பம் கேட்கலாம், மன்னிப்புக் கேட்கலாம். யாருடைய தன்மை என்ன என்று அதில் ஒரு கேள்வியும் கிடையாது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஐயருக்குப் போதவில்லை.

பிரதி கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு அவர் பதில் போடவில்லை. விசாரணைக்கு ஒன்பது நாள் இருந்தபோது நேரில் போனேன். ஐயர் யாழ்ப்பாணத்தவர். பிரஜாவுரிமைக்கு மனுப் போட வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

"வாரும், இரும். உம்மட கடிதம் கண்டனான்" என்றார். "பிரதி தாறதில ஒரு கஷ்டமும் இல்லை. ஆனா புதன்கிழமை நீர் கதைச்ச கதைக்கு முதல்ல ஒரு முடிவு வேணும்."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"இது சபையின்ர புத்தகம். சபையின்ர விசுவாசத்தை ஏற்றுக்கொண்ட ஆக்களுக்குத்தான் இதால பிரயோசனம்."

"அம்மா சபையிலதானேங்க இருக்காங்க."

"அம்மா இருக்கிறா. கடிதம் எழுதினது ஆர்?"

சபையின் விதிப் புத்தகத்தை நான் கையோடு கொண்டு போயிருந்தேன். பதிவேட்டில் சம்பந்தப்பட்டவர் கேட்டால் பிரதி கொடுக்க வேண்டும் என்ற விதியை எடுத்துக் காட்டினேன். கேட்பவரின் மகன் எதை நம்ப வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஐயர் புத்தகத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"தோட்டத்துப் பிள்ளையளுக்கு இங்கிலிஷ் படிப்பிச்சது எங்கட பிழை" என்றார். பிறகு, கடையில் சாமான் சொல்வதுபோலச் சொன்னார்: "வாற ஞாயிறு ஆராதனையில நீர் முன்னுக்கு வந்து பிரமாணத்தைத் தனியச் சொல்லும். முழுக்க. சபை கேக்கட்டும். திங்கட்கிழமை வந்து பிரதியைக் கொண்டு போம்."

"நம்பாமச் சொன்னா?"

"அது உமக்கும் கடவுளுக்கும் இடையில உள்ள விசயம். எனக்குச் சத்தம் கேட்டாக் காணும்."

பேராயருக்கு முறைப்பாடு எழுதலாம். எழுதினால் அது கொழும்புக்குப் போய், ஐயரிடம் விளக்கம் கேட்டு, விளக்கம் வந்து, பதில் வர இரண்டு மாதம் ஆகும். விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். கேட்டவர்களின் கோப்புகள் என்ன ஆயின என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த வழிகளெல்லாம் ஒன்பது நாளுக்கு மேல் எடுப்பவை. அந்த வாரம் முழுக்க நிசேயாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போடாத இருவரைப் பற்றி அல்ல. மனமில்லாமல் போட்டவர்களைப் பற்றி. அப்படிப் போட்ட ஒருவரைத்தான், இடையில் துரத்திவிட்டு, பிறகு திரும்ப அழைத்துக்கொண்டார்கள். மரணப் படுக்கையில் சக்கரவர்த்திக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் அவர்தான். பொய்க் கையெழுத்து ஒன்றும் சபைக்குப் புதிதல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியும் வெட்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முன்னால் போய் நின்றேன். முழுக்கச் சொன்னேன். "ஒரே தன்மையுடையவர்" என்பதை மற்றவற்றைவிடத் தெளிவாகச் சொன்னேன். உச்சரிப்பு நன்றாக இருந்தது. விசுவாசத்தைக் கட்டளை போட்டு வரவழைக்க முடியாது என்று அதுவரை எண்ணியிருந்தேன். கட்டளை போட்டால் சத்தம் வரும், சபைக்கு அதற்குமேல் தேவையில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். ஐயர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியில், குறுக்குப் பாதையில் ஏறும்போது அம்மா கேட்டார்:

"ஐயரு ஒன்னையச் சொல்லச் சொன்னாரா?"

"ஆமா."

"பாப்பா கடுதாசிக்கா?"

"ஆமாம்மா."

"அதுல எதுப்பா ஒனக்குப் புடிக்காதது?"

ஒரே தன்மை என்ற அந்த வரியைச் சொன்னேன். அது எப்படி வந்தது என்றும் சொல்லத் தொடங்கினேன். அம்மா கையை ஆட்டி நிறுத்தினார்.

"அது எனக்கு வாயிலயே வராது. இத்தன வருசமா அந்த எடத்துல சும்மாதான் நிப்பேன். எல்லாரும் சொல்லி முடிக்கிற வரைக்கும் பாப்பாவ நெனச்சுக்குவேன்."

அட்டை போன புத்தகத்தின் அறுநூறு பக்கத்திலும் இதற்கு ஈடான ஒரு வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. சக்கரவர்த்தி வண்டியும் விருந்தும் கொடுத்து எழுதி வாங்கிய அந்த வரி எங்கள் அம்மாவுக்கு ஒரு மூச்சு நேர இடைவெளி. ஐயர் அம்மாவின் வாயை ஒரு நாளும் பார்த்ததில்லை. தோட்டத்துப் பொம்பிளை எதை நம்பினால் அவருக்கு என்ன?

திங்கட்கிழமை பிரதிகள் கிடைத்தன. நுவரெலியாவில் விசாரணை. அதிகாரி சிங்களவர், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துத் திகதிகளைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று கேட்கிறார் என்றார் மொழிபெயர்ப்பாளர். "காச்சலுங்க" என்றார் அம்மா. அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். அந்தப் பிள்ளையைப் பற்றி ஐயர் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து அம்மாவின் சான்றிதழ் வந்தது. அது கையில் வரும்வரை ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போனேன், பொறுமையாக. வந்த மறுநாளே சபை அங்கத்துவத்திலிருந்து விலகுகிறேன் என்று மூன்று பிரதியில் எழுதி, ஒன்றைப் பதிவுத் தபாலில் ஐயருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை.

அம்மாவிடம் மட்டும் நேரில் சொன்னேன்.

"நீ போகாட்டிப் போ" என்றார், கோயிலுக்குப் போகச் சேலையை மடித்துக் கட்டிக்கொண்டே. "ஆனா டவுன் வரைக்கும் கூட வா. ஏத்தத்துல எனக்குத் தனியா முடியாது."

வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, எதிரே பாயின் தேத்தண்ணிக் கடையில் ஆராதனை முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.