உமி மலையில் ஒரு பனிக்காலம்

தொண்ணூற்றேழாம் ஆண்டு டிசம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. ரங்கூனின் போட்டாதாங் பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுப் பால்கனியிலிருந்து இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகள் கயிற்றில் ஆடி ஆடித் தெருவுக்கு இறங்கின. சிவப்பு நிறம். ஆளைவிட உயரம். முனை இரண்டும் மேல்நோக்கி வளைந்திருந்தன. ரங்கூனில் மாடிவீடுகள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு கயிறு தெருவரை தொங்கும்; அதன் நுனியில் ஒரு கவ்வி இருக்கும். பத்திரிகை, சாவி, வெற்றிலைப் பொட்டலம் எல்லாம் அதில்தான் ஏறி இறங்கும். அந்தக் கயிற்றில் அன்று வந்ததைக் கீழே நின்று வாங்கியவன் நான். மேலே நின்று இறக்கியவர் என் அத்தான், அக்காவின் கணவர். அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள்; ஞாயிறு என்றால் அன்னதானச் சமையலை முடித்து இருட்டித்தான் வருவாள்.

"என்னா தம்பி, கட்டிலை உடைச்சுக் காலை மட்டும் இறக்குறீங்களா?" என்று வெற்றிலைக் கடைக்காரம்மா கேட்டார். நான் கட்டைகளைச் சுவரில் சாய்த்து வைத்தேன். கட்டை இறங்கியது பெரிய காரியமில்லை. அடுத்து அத்தான் இறங்கவேண்டும்; பதினான்கு மாதங்களாக அவர் அந்த வீட்டுப் படியில் கால் வைக்கவில்லை.

அத்தான் சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்தார். ஜப்பானின் வடக்குத் துறைமுகம் ஒன்றில் கப்பல் நின்றபோது, அந்த ஊர் மக்கள் வேண்டாம் என்று தெருமுனையில் வைத்திருந்த பொருள்களுக்கு நடுவே இந்தக் கட்டைகளைக் கண்டெடுத்தார். நம் ஆட்கள் எல்லாரும் அங்கிருந்து சைக்கிளும் தையல் மெஷினும் தூக்கி வருவார்கள். இவர் மட்டும் இதைத் தூக்கி வந்தார். அன்று பிற்பகல் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில், சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில், ஒரு மணி நேரம் சறுக்கினாராம். "விழுந்தது இருபது தடவ. எந்திரிச்சது இருபத்தோரு தடவ" என்பார். அது எப்படி என்று கேட்டால், "முத தடவ நின்னதையும் சேத்துத்தான்" என்பார். அந்த ஒரு மணி நேரத்தைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் வேறாகிவிடும்.

அடுத்த பயணத்தில் எஞ்சின் அறையின் இரும்பு ஏணியில் இறங்கும்போது கால் தவறி விழுந்தார். வலது முழங்கால் உடைந்தது. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எலும்பு கூடிவிட்டது, தைரியம் கூடவில்லை. ஏறுவதில் அவருக்குப் பயமில்லை. கீழே பார்த்து இறங்குவதென்றால் உடம்பு நடுங்கியது. எங்கள் வீட்டுப் படி செங்குத்தானது, இருட்டானது. அதனால் அவர் மேலேயே இருந்துவிட்டார். தெருவோடு அவருக்கு மிஞ்சிய தொடர்பு அந்தக் கயிறு ஒன்றுதான்.

நவம்பரில் கப்பல் ஏஜெண்டிடமிருந்து கடிதம் வந்தது. ஏப்ரலில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் கம்பெனி டாக்டர் பார்ப்பார். ஏணியில் ஏறி இறங்கிக் காட்டவேண்டும். தேறாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அத்தான் அதைப் படித்து மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

நான் அப்போது ஒரு அரிசி வியாபாரியிடம் மூட்டை எண்ணிக் குறிக்கும் வேலையில் இருந்தேன். வாரத்தில் மூன்று நாள் ஆற்றைக் கடந்து டாலாவிலுள்ள ஓர் அரிசி மில்லுக்குப் போவேன். அறுவடை தொடங்கியிருந்தது. மில்லுக்குப் பின்னால் உமி நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது, வேறு பேச்சில்லாமல், "உமி மில்லுக் கூரை ஒசரத்துக்கு வந்துடுச்சு அத்தான்" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "ஈரமா, காஞ்சதா?"

"காஞ்சதுதான். கால வச்சா வழுக்குது."

"பொன்னு நிறமா இருக்குமே" என்றார். பிறகு கட்டிலுக்கு அடியில் கிடந்த கட்டைகளைப் பார்த்தார்.

அந்த ஞாயிறு அவர் மூன்று மாடியும் உட்கார்ந்தபடியே இறங்கினார். ஒரு படிக்கு ஒரு மூச்சு. ஐம்பத்தெட்டுப் படிகள். நான் எண்ணினேன், அன்றிரவு நாட்குறிப்பிலும் எழுதினேன். இரண்டாம் மாடிக்காரர் கதவைத் திறந்து பார்த்து, ஒன்றும் கேட்காமல், தன் செருப்புகளை ஓரமாக எடுத்து வைத்தார்.

டாலாவுக்குப் படகில் போனோம். மறுகரையில் கட்டைகளை ஒரு சைக்காவின், அதாவது சைக்கிள் ரிக்‌ஷாவின், குறுக்கே வைத்துக் கட்டினோம். சைக்காக்காரர் ஆளுக்கும் கட்டைக்கும் சேர்த்து மூன்று பேருக்கான கூலி கேட்டார்; அத்தான் கட்டைகளைக் குழந்தைகள் என்று வாதாடி இரண்டாகக் குறைத்தார். பதினான்கு மாதத்துக்குப் பிறகு அவர் வாதாடியதை அன்றுதான் கேட்டேன்.

முதல்நாள் நாங்கள் செய்த தவறை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. வழுக்கவேண்டும் என்றால் எண்ணெய்தான் என்று எங்கள் இருவருக்கும் தோன்றியிருந்தது. கட்டையின் அடியில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் பூசி, உமியின் மேல் வைத்தோம். நகரவே இல்லை. தூக்கிப் பார்த்தால், வறுக்கப் போகும் மீனில் ரவை ஒட்டியதுபோல் அடிப்பக்கம் முழுக்க உமி அப்பியிருந்தது. மாலை வரை சுரண்டினோம்.

அடுத்த வாரம் மெழுகுவர்த்தி. மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் எந்த வீட்டிலும் மெழுகுவர்த்திக்குக் குறைவில்லை. எரிந்து மிஞ்சிய துண்டுகளை உருக்கித் தடவி, அக்காவின் கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தோம். கால் மாட்டும் பிடிகள் இவருடைய மழைக்காலப் பூட்ஸுக்குப் பொருந்தவில்லை. சைக்கிள் ட்யூபை வெட்டி இறுக்கிக் கட்டினார். ஊன்றுகோல் மூங்கில். கைலியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். இப்படியாக, படகுக் கூலியும் சைக்காக் கூலியும் தவிர வேறு செலவில்லாமல், வெயில் அடிக்கும் ஊரில் பனிச்சறுக்கு தொடங்கியது.

சறுக்கியது. நாலு அடி சறுக்கி, முகம் குப்புற உமியில் புதைந்தார். மறுபடி ஏறினார், மறுபடி புதைந்தார். பன்னிரண்டாம் தடவை எழுந்தபோது, மலையடியில் கூடையோடு நின்ற ஒரு பெண் சத்தமாகச் சிரித்தாள்.

மில்லில் உமி சுமக்கும் பெண்களுக்கு அவள் மேஸ்திரி. தமிழ்க் குடும்பம்தான், தமிழ் நன்றாகப் புரியும், பேசினால் பாதி பர்மிய மொழி. அங்குள்ள வழக்கப்படி எல்லாரும் அவளை அமா, அதாவது அக்கா, என்பார்கள். அத்தானை அவள் அக்கோ, அண்ணன், என்றாள்.

"அக்கோ, ஜப்பான் கட்டை வச்சிருக்கீங்க, தவளை மாரி விழுறீங்களே!"

"நீ வேணா இறங்கிக் காட்டு அமா."

"நா தெனம் நூறு வாட்டி எறங்குறேன். கட்டை இல்லாம."

சொன்னதோடு நிற்காமல் வெறுங்காலோடு மேலே ஏறினாள். அங்கிருந்து அவள் இறங்குவதை நான் அதற்கு முன் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை. அவள் நேராக இறங்கவில்லை. மலைக்குக் குறுக்கே, பக்கவாட்டில் பாதம் வைத்து, வழுக்கியபடியே ஒரு ஓரம் வரை போனாள்; அங்கே திரும்பி மறு ஓரம். உமி சரியவே இல்லை. நேராக இறங்கினால் மேலிருக்கும் உமி மொத்தமாகச் சரிந்து, கீழே வாரிக்கொண்டிருப்பவர்களை மூடிவிடும். ஒருமுறை அப்படி மூடிப்போன ஒரு பெண்ணை மண்வெட்டி போட்டு எடுத்தார்களாம். அதிலிருந்து யாரும் நேராக இறங்கக்கூடாது என்பது அவர்களுக்குள் சட்டம்.

"மூஞ்சி கீழ பாத்தா பயம் வரும் அக்கோ. ஓரத்தப் பாருங்க. ஓரம் பக்கத்துலதானே இருக்கு" என்றாள்.

அதன்பின் அத்தான் விழுவது குறைந்தது. ஆனால் ஒரு சிக்கல். குறுக்கே போகும்போது மலையின் கீழ்ப்பக்கம் இருக்கும் கால்தான் உடம்பைத் தாங்கும். வலப்பக்கம் போனால் அது இடது கால், அழகாகப் போனார். திரும்பி இடப்பக்கம் வரவேண்டும் என்றால் உடைந்த வலது கால் தாங்கவேண்டும். அங்கே வந்ததும் அவர் உட்கார்ந்துவிடுவார். டிசம்பர் முழுவதும், ஜனவரி முழுவதும், ஒவ்வொரு ஞாயிறும் பாதி மலைதான். ஒரு ஓரம் வரை சறுக்கல், பிறகு உட்கார்ந்தபடி இறக்கம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நடந்துதான் மேலே ஏறினார். வீட்டுப் படியில் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே இறங்கினார்.

அக்காவுக்குத் தெரிந்தது இஸ்திரிப் பெட்டியால். பிப்ரவரியில் ஒரு கல்யாணத்துக்குக் கட்ட எடுத்த பட்டுப்புடவையில் பெட்டியை வைத்தாள்; கையகலத்துக்கு மெழுகு படிந்தது. என்னைக் கூப்பிட்டாள். நான் பொய் சொல்லத் தெரியாதவன். எல்லாவற்றையும் தேதிவாரியாகச் சொன்னேன்.

"கோயிலுக்குப் போற நேரம் பாத்துக் கட்டையை இறக்குனீங்களா? இன்னொரு காலும் போனா யாருடா தூக்குறது?" என்று கத்தினாள். அடுத்த ஞாயிறு தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

படகில் அத்தான் முன்பக்கம் கட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நடு ஆற்றில், கடற்காகங்களுக்குப் பொரி போடும் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"கல்யாணம் ஆகிப் பன்னெண்டு வருசம். அந்த மனுசன் சேந்தாப்ல ரெண்டு மாசம் வீட்ல இருந்ததில்ல. இப்பத்தான் இருக்காரு. படி இறங்குங்கன்னு நா ஒரு நாளாவது சொல்லிருக்கேனா? சொல்லல. ஏன்னு இப்பத் தெரியுதா?"

அவர் தேறினால் அவளுக்கு வீடு காலி. தேறாவிட்டால் அவர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுப்பார். அதை நான் அதுவரை அவளுடைய பக்கமிருந்து யோசித்ததே இல்லை.

அன்று மலை மிக உயரமாக இருந்தது. அமா அக்காவுக்கு ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னாள். அக்கா உட்காரவில்லை. அத்தான் மேலிருந்து வலப்பக்கமாக வந்தார். உமி மெல்லச் சீறும் சத்தம். ஓரத்தில் திரும்பினார், வழக்கம்போல் நின்றுவிட்டார். மூங்கிலை உமியில் ஆழமாக ஊன்றினார். உட்காரப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அக்காவைப் பார்த்தார்.

அக்கா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும், அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார், அவளோடு வீட்டிலும் இருந்திருப்பார். போய்த் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"ஏங்க, அங்க என்ன வேடிக்கை? நிக்காதீங்க, வாங்க!" என்று கத்தினாள்.

வந்தார். வலது கால் கீழ்ப்பக்கம், முழு எடையும் அதன்மேல், மூங்கில் ஒரு பக்கம் பறக்க, மறு ஓரம் வரை வந்து, அங்கே திரும்பி, மறுபடியும் வந்து, அக்காவுக்கு ஆறு அடி தூரத்தில் நின்றார். உடம்பெல்லாம் உமி. சுமக்கும் பெண்கள் கூடைகளைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். "தவளை போச்சு, கொக்கு வந்துச்சு!" என்றாள் அமா. அக்கா முந்தானையால் அவர் தலையிலிருந்த உமியைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள், உமி போன பிறகும்.

ஏப்ரலில் டாக்டர் பார்த்தார். சுவரில் சாத்திய இரும்பு ஏணி. நானும் உடன் போயிருந்தேன். மற்றவர்கள் ஏணியைப் பார்த்தபடி மளமளவென்று இறங்கினார்கள். அத்தான் மெதுவாக, ஒவ்வொரு படியிலும் வலது காலை ஊன்றி நின்று, கண்ணைப் பக்கத்துச் சுவரிலேயே வைத்து இறங்கினார். "சுவரில் என்ன இருக்கிறது?" என்று டாக்டர் கேட்டார். "ஓரம் சார்" என்றார் அத்தான். டாக்டருக்குப் புரியவில்லை, முழங்காலைப் பிடித்துப் பார்த்து, மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லி, கையெழுத்துப் போட்டார். ஜூன் மாதம் அவர் கப்பலேறினார். கட்டைகளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அவர் அதற்குப் பிறகு ஒன்பது வருடம் கடலில் இருந்து, உடம்பு நன்றாக இருக்கும்போதே ஓய்வு பெற்று வந்தார். இன்று அந்த மில்லில் மலை இல்லை. உமியை எஞ்சினுக்கு எரிபொருளாக வாங்கிப்போகிறார்கள், சேர விடுவதில்லை. ஆற்றில் தூர்வாரிக் குவித்த மணல் மேடு ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகப் போன வாரம் சொன்னார். கையில் மெழுகுவர்த்தித் துண்டுகள் இருந்தன.

ஆனால் நான் அடிக்கடி நினைப்பது அவர் கப்பலேறிய பிறகு வந்த முதல் டிசம்பரை. ஆறு மாதமாக அக்கா மூன்று பேருக்குச் சமைத்து இரண்டு பேருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை மாலை அவளே மெழுகை உருக்கினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மறுநாள் டாலாவில், பழைய கைலி ஒன்றை இறுக்கிக் கட்டி, அத்தானின் பூட்ஸுக்குள் துணி அடைத்து, கட்டைகளின் மேல் ஏறி நின்றாள். மலை உச்சியில் நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழே அமா கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து கேலி சொல்லத் தயாராக இருந்தாள். அக்கா ஓரத்தைப் பார்த்தாள்.

"விழுந்துடுவ அக்கா" என்றேன்.

"விழுந்தா எந்திரிக்கிறேன். நீ கையை விடுடா" என்றாள்.

விட்டேன்.